எசமான் இல்லாத மாடு

மதுரை ஜில்லா வனஜந்து பரிபாலன சங்கம் என்று ஒன்று தல்லாகுளத்துப் பக்கம் ஒரு பங்களாவில் நடந்துவந்தது. பெயரைக் கேட்டு ஆசையோடு உள்ளே போகிறவர்கள் முதலில் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். சுவர் முழுக்க மிருகத் தலைகள். பாடம் பண்ணினவன் அரைகுறையாகப் பண்ணித் தொலைத்ததால் மழைக்காலத்தில் அவற்றிலிருந்து ஒரு வாடை கிளம்பும். அந்த வாடைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டுதான் அங்கத்தினர்கள் ஜீவகாருண்யம் பேசுவார்கள். நான் உள்ளூர் வாரப் பத்திரிகைக்குக் கூட்டச் செய்தி எழுதிப் பிழைத்தவன் என்பதால் எனக்கும் அங்கே ஒரு நாற்காலி உண்டு. காட்டுப்பன்றித் தலைக்கு நேர் கீழே போட்டிருப்பார்கள்.

சங்கத்தின் தலைவர் ராவ் சாகிப் சௌரிராஜன், டிப்டி கலெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ராவ் சாகிப் அவருக்கு இருக்கிற பட்டம். ராவ் பகதூர் அவருக்கு வேண்டிய பட்டம். நடுவில் இருக்கிற தூரத்தைக் கடப்பதற்குத்தான் வனஜந்துக்களைப் பிடித்துக்கொண்டார். சங்கத்தின் கௌரவ நிபுணர் அவருடைய மாப்பிள்ளை ராஜாராம். சீமைக்குப் போய் எதையோ படிக்கத் தொடங்கி, எதையும் முடிக்காமல் திரும்பியவர். வரும்போது மிருகங்களைப் பற்றி ஒரு தடித்த புஸ்தகம் கொண்டுவந்திருந்தார். அன்றிலிருந்து அவர் நிபுணர்.

சங்கத்துக்குச் சட்டதிட்டம் இருந்தது, முத்திரை இருந்தது, வருஷ விருந்து இருந்தது. மிருகங்கள் மட்டும் இல்லை. மதுரையைச் சுற்றிய சமவெளியில் நெல்லும் கடலையும் கண்மாயும் பனைமரமுமாகக் கிடக்க, மிருகம் எங்கிருந்து வரும்? இருந்த முயலையும் கவுதாரியையும் வருஷ விருந்துக்கென்று அங்கத்தினர்களே சுட்டுத் தீர்த்திருந்தார்கள். போன விருந்தில் ராவ் சாகிப் ஒரு கவுதாரித் தொடையைக் கையில் வைத்துக்கொண்டு, "நாம் காப்பாற்றாவிட்டால் இந்த ஜீவன்கள் கண்டவன் வாய்க்குள் போய்விடும்" என்று கண் கலங்கப் பேசினார். நெய் அவர் மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. நான் இலையை மூடினேன்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் சென்னையிலிருந்து ஒரு பெரிய துரை வருவதாகத் தகவல் கிடைத்தது. பட்டத்துக்குச் சிபாரிசு செய்யக்கூடிய துரை. யானை, புலி, சிறுத்தை எல்லாம் சுட்டு முடித்தவர், காட்டு மாடு ஒன்றுதான் பாக்கி என்று யாரிடமோ குறைப்பட்டுக்கொண்டாராம். காட்டு மாடு உயர்ந்த மலைகளில் இருக்கிறது. துரைக்கோ முழங்கால் வலி, மலை ஏற முடியாது. ஆகவே காட்டு மாடு சமவெளியில் இருக்க வேண்டும், ரோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் உத்தமம் என்று சங்கம் ஏகமனதாகத் தீர்மானம் போட்டது.

தீர்மானத்தை நிறைவேற்றுவதற்காக மேலூரில் ஒரு பிரசங்கம் ஏற்பாடாயிற்று. தலைப்பு 'வனஜந்து சாஸ்திரப் பிரவேசம்'. ஊருக்கு ஒரு ஆள் வரவேண்டும் என்று மணியக்காரர்கள் மூலம் உத்தரவு. ஆலங்கரைப்பட்டியிலிருந்து சிவனாண்டி வந்திருந்தான். கொஞ்சம் கடலைக் காடு உள்ள சம்சாரி. தானாக வாய் திறக்க மாட்டான். ஆனால் கேட்டால் உள்ளதை அப்படியே சொல்லிவிடுவான். இந்தக் கதையில் அவன் செய்த தப்பு அது ஒன்றுதான்.

ராஜாராம் மாஜிக் லாந்தர் வைத்துத் திரையில் படம் காட்டினார். முதலில் ஒட்டகச்சிவிங்கி தலைகீழாக வந்தது. "இது நம் தாலுகாவில் இல்லை" என்றார். அடுத்து வெள்ளைக் கரடி. "இதுவும் இல்லை" என்றார். இப்படி அரை மணி நேரம் இல்லாதவற்றைப் பற்றி எல்லோரும் கற்றுக்கொண்டோம். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு சாஸ்திரத்துக்கு வந்தார்.

"வனஜந்து என்பது என்ன? எதற்கு எசமான் இல்லையோ, எதற்கு மனிதன் தீனி வைப்பதில்லையோ, எது தன் இஷ்டத்துக்குத் திரிந்து தன் இஷ்டத்துக்கு இனம் பெருக்குகிறதோ, அது வனஜந்து. உங்கள் ஊர்களில் அப்படி ஏதாவது உண்டா?"

"எங்க ஊரு மைனர் ஒருத்தரு இருக்காரு" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். ராஜாராம் அதையும் குறித்துக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும் சிவனாண்டி எழுந்து நின்றான்.

"எங்க ஊர்ல ஒரு மாடு இருக்குங்கய்யா."

"மாடா? எசமான் யார்?"

"எசமான்னு ஆரும் கிடையாதுங்க" என்றான் பெருமையாக.

"தீனி?"

"ஆரும் வைக்கிறது இல்லங்க. அதுவா எந்தக் காட்டுலயாவது மேஞ்சுக்கிரும். என் கடலையில எறங்குனாலும் வெரட்ட மாட்டேன். ஆருமே வெரட்ட மாட்டோம்."

"பயமா?"

"பயந்தாங்க. பயமில்லாம இருக்குமா?"

"நிறம்? கொம்பு?"

"நல்ல கருப்புங்க. கொம்பு இம்புட்டு" என்று இரண்டு கையையும் விரித்தான். "சுத்துப்பட்டுல இருக்க கன்னுக்குட்டி அம்புட்டும் அதோட வாரிசுதான்."

ராஜாராம் லாந்தரை அப்படியே விட்டார். மாமனாரிடம் ஓடிப்போய்க் காதில் ஏதோ சொன்னார். ராவ் சாகிப் உடனே கூட்டத்தைக் கலைத்துவிட்டு, சிவனாண்டிக்கு மட்டும் ஒரு காப்பி வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

மேலூர்ப் பக்கத்தில் பிறந்த பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், சிவனாண்டி சொன்னது கோயில் காளை என்பது. அய்யனாருக்கு நேர்ந்து விட்ட மாடு. அதற்கு எசமான் உண்டு என்று சொல்வது சாமி சொத்தை வாயில் போட்டுக்கொள்வதற்குச் சமம். அதனால் யார் கேட்டாலும் எசமான் இல்லை என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்வதுதான் மரியாதை. ராவ் சாகிப் இதே ஜில்லாவில் முப்பது வருஷம் அதிகாரம் பண்ணியவர். அவருக்குத் தெரியாமலிருக்க நியாயமில்லை. தெரிந்திருந்ததா என்று நான் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் அந்தப் பதிலும் நாறியிருக்கும்.

அடுத்த வாரம் ராஜாராம் ஆலங்கரைப்பட்டிக் கண்மாய்க்கரையில் கூடாரம் அடித்தார். ஒரு வேப்பமரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து துர்பீன் கண்ணாடி வழியாக மாட்டை ஆராய்ந்தார். மாடு அந்த மரத்தடியில்தான் படுத்திருந்தது. நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. 'நெற்றியில் மஞ்சளும் சிவப்புமான இயற்கைப் புள்ளி; இது மேலூர் இனத்தின் விசேஷ அடையாளம்' என்று முடிவு செய்தார். கொம்பு நுனியில் பித்தளைக் குமிழ் போட்டிருந்தது. அதற்கு, 'கொம்பின் முனையில் உலோகம் போன்ற வளர்ச்சி.' ராமக்காள் என்ற கிழவி வந்து வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு மாட்டின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். 'சுதேசிப் பெண்கள் இந்த மிருகத்தை வசியப்படுத்தும் வித்தை அறிந்திருக்கிறார்கள்' என்றார். மரத்திலிருந்து இறங்கியபோது மாடு எழுந்து வந்து அவருடைய வைக்கோல் தொப்பியை மென்று தின்றது. அதற்கு, 'மூர்க்க சுபாவம்.' இந்தப் புதிய இனத்துக்கு மாமனார் பெயரையே வைக்கலாம் என்று சிபாரிசு செய்தார். ராவ் சாகிப் வெட்கப்பட்டுச் சம்மதித்தார்.

அதற்கப்புறம் பரிபாலன முறை பற்றி விசேஷக் கூட்டம்.

"பரிபாலனத்தில் முதல் வேலை எண்ணுவது" என்றார் ராஜாராம். "எண்ணிவிட்டோம், ஒன்று இருக்கிறது. அடுத்தது இடம் ஒதுக்குவது. அதற்கு அந்த ஊரையே காலி பண்ண வேண்டும்; உத்தரவு வர நாளாகும். கடைசியாக, மிஞ்சியதைக் கழிப்பது. ஒரு மந்தையில் பெண்களின் தேவைக்கு மேல் ஆண் இருந்தால் அந்த உபரி ஆணைக் கழித்தால்தான் இனம் செழிக்கும். இந்த மந்தையில் பெண்ணே இல்லை. ஆகவே இருக்கிற ஆண் முழுவதும் உபரி."

கிழ வக்கீல் ஒருவர் தூக்கம் கலைந்து, "அதையும் கழித்துவிட்டால் இனம் எப்படி ஐயா செழிக்கும்?" என்று கேட்டார்.

"அது இரண்டாம் வருஷப் பாடம்" என்றார் ராஜாராம். வக்கீல் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

ராவ் சாகிப் எழுந்தார். "நான் ஜந்துக்களைப் பெற்ற பிள்ளைகள் போல் நேசிக்கிறவன். ஒரு மிருகம் வயசாகி, ஏதோ ஒரு கண்மாய்க்கரையில் அநாதையாக விழுந்து செத்து, ஒருத்தருக்கும் பிரயோஜனமில்லாமல் மண்ணாய்ப் போவதை என் மனசு ஒப்பவில்லை. அதுவே ஒரு பெரிய மனிதர் கையால் செத்தால் அவருக்கும் திருப்தி, அதன் தலைக்கும் ஒரு நல்ல சுவர் கிடைக்கும். ஜூன் மாதத்தில் பட்டங்கள் வெளியாகின்றன. அது வேறு விஷயம். அதையும் இதையும் யாரும் முடிச்சுப் போட வேண்டாம்." அதுவரை யாரும் போடவில்லை. பிறகு எல்லோரும் கை தட்டினார்கள்.

செய்தி ஆலங்கரைப்பட்டிக்குப் போனதும் சிவனாண்டி பஸ் பிடித்துத் தல்லாகுளத்துக்கு வந்தான். மிருகத் தலைகளை அண்ணாந்து பார்த்தவன், துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டான். கமிட்டி முன்னால் அவனை நிறுத்தினார்கள்.

"அது சாமி மாடுங்கய்யா."

"எந்தச் சாமி? முழுப் பெயர்?" என்றார் ராஜாராம்.

"அய்யனாருங்க."

"நேரில் வந்து தம் மாடு என்று சொல்வாரா?"

"வருவாருங்க. புரவியெடுப்புத் திருவிழா அன்னைக்குப் பூசாரி மேல வருவாரு."

"கமிட்டி கூடுகிற நாளில் வரவேண்டும்."

ராவ் சாகிப் கருணையாகச் சிரித்தார். "இதோ பார், நாங்கள் ஒன்றும் ராட்சசர்கள் இல்லை. இது என் மாடு என்று ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும், அது வீட்டு மிருகமாகிவிடும். நாங்கள் தொடமாட்டோம். நீயே சொல்லிவிட்டுப் போயேன்."

சிவனாண்டி இரண்டடி பின்னால் போனான். "அந்த வார்த்தைய மட்டும் என்னால சொல்ல முடியாதுங்கய்யா" என்றான். கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

வெளியே வந்தபிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பீர் முகமது என்ற தோல் வியாபாரி அவனோடு துணைக்கு வந்திருந்தார். மேலூர்ச் சந்தையில் பழக்கம், இரண்டு பேரும் மாமன் மாப்பிள்ளை மாதிரி. அவர்தான் சொன்னார். அந்தக் காளை கன்றாக இருந்தபோது சிவனாண்டி வீட்டுக் கன்று. அவனுக்கு இருப்பது ஒரே மகள், வீராயி. கைக்குழந்தையில் அவளுக்கு வாந்திபேதி கண்டு, பிழைக்காது என்று ஊரே கைவிட்டுவிட்டது. சிவனாண்டி கன்றை இழுத்துக்கொண்டு போய் அய்யனார் முன்னால் நிறுத்தி, பிள்ளையைக் கொடு, இந்த மாட்டில் எனக்கு இனிப் பாத்தியதை இல்லை என்று ஊரறியச் சத்தியம் செய்தான். பிள்ளை பிழைத்துக்கொண்டது. இப்போது என் மாடு என்று சொன்னால் கொடுத்ததைத் திருப்பி வாங்கியதாக ஆகும். அப்போது சாமியும் தான் கொடுத்ததைத் திருப்பி வாங்கும்.

"ஊர்ல வேற ஆராச்சும் சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"ஆரு சொல்லுவா? எல்லார் வீட்டுலயும் பிள்ளை இருக்குல்ல" என்றான் சிவனாண்டி.

பீர் முகமது தாடியைத் தடவிக்கொண்டார். "நான் சொல்றேன் மாமா, என் மாடுன்னு. உங்க சாமி எங்கிட்ட என்ன கேக்கப் போவுது? கேட்டா அல்லாகிட்டப் பேசிக்கிரட்டும்."

"மாப்ள, உனக்கும் நாலு பிள்ளை இருக்குய்யா."

"இருக்கட்டும். நான் ஒண்ணும் நேந்துக்கிரல்லியே" என்று சொல்லிவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

ராவ் சாகிப் அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "நீர் தோல் வியாபாரி. மாட்டின் மேல் உமக்கு என்ன அக்கறை என்று எங்களுக்குத் தெரியாதா? அப்பாவி மிருகத்தைக் கொன்று தோலை விற்பதற்கு இந்தச் சங்கம் உடந்தையாக இருக்காது. மேலும், கோயில் காளையை ஒரு முஸ்லிம் தன்னுடையது என்று சொன்னால் ஜில்லாவில் மதக் கலகம் மூளும். பொது அமைதியை உத்தேசித்து உம்முடைய வார்த்தையை ஏற்க முடியாது."

"நீங்கதானே ஐயா அது கோயில் காளை இல்ல, காட்டு மாடுன்னு சொன்னீங்க" என்றார் பீர் முகமது.

"சாஸ்திரப்படி காட்டு மாடு. கலகப்படி கோயில் காளை" என்றார் ராவ் சாகிப். டவாலிச் சேவகன் பீர் முகமதுவை வெளியே கொண்டுவந்து விட்டான்.

துரை வந்த நாளில் நான் ஆலங்கரைப்பட்டிக்குப் போனேன். போகாமலிருந்திருக்கலாம். காய்ந்த கண்மாய்க்குள் பந்தல் போட்டு, மேடை கட்டி, மேடை மேல் சாய்வு நாற்காலி வைத்திருந்தார்கள். துரையின் முழங்காலுக்குத் தலையணை. ஊர்க்காரர்களைக் கரைக்கு அந்தப் பக்கம் போலீஸ்காரர்கள் தடியைக் குறுக்கே பிடித்து நிறுத்தியிருந்தார்கள். மிருகத்தைக் கலைத்து விரட்டுவதற்கு வெளியூரிலிருந்து கொட்டு அடிக்கிறவர்களைக் கொண்டுவந்திருந்தார்கள். என்ன காரியத்துக்கு என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

கொட்டு முழங்கியதும் மாடு வந்தது. யாரும் விரட்டாமல் தானாகவே வந்தது. வருஷா வருஷம் மஞ்சுவிரட்டில் முதலில் அவிழ்க்கிற மாடு அதுதான். அதை யாரும் பிடிக்க மாட்டார்கள், கும்பிட்டு வழிவிடுவார்கள். கொட்டுச் சத்தம் கேட்டால் அதற்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். கண்மாய் நடுவுக்கு வந்து, பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருக்கிற மேடையைப் பார்த்து நின்று, கொம்பில் மரியாதைத் துண்டு கட்டுவதற்குத் தோதாகத் தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டது.

"பார்த்தீர்களா, பாய்வதற்குத் தயாராகிறது" என்றார் ராஜாராம்.

துரை துப்பாக்கியை எடுத்தார். அப்போது கரைமேல் ஒரு சலசலப்பு. சிவனாண்டி போலீஸ்காரரின் தடிக்குக் கீழே குனிந்து உள்ளே ஓடிவந்தான். துண்டு எங்கோ விழுந்துவிட்டது. மாட்டுக்கும் மேடைக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு கத்தினான்.

"அது என் மாடு. எங்க வீட்டுக் கன்னு. எம்மாடுதான். சொல்லிட்டேன், சுடாதீங்க."

கொட்டு நின்றது. கரைமேல் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். துரை துப்பாக்கியைத் தாழ்த்தி, இவன் என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

ராவ் சாகிப் எழுந்து, குனிந்து, நல்ல இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். "இந்த மாடு தங்களுடையது என்று சொல்கிறான் பிரபு. ஊர் சார்பில் தங்களுக்கு அர்ப்பணம் செய்ய ஓடிவந்திருக்கிறான்."

துரை நெகிழ்ந்துபோய்ச் சிவனாண்டியைப் பார்த்துத் தொப்பியை எடுத்தார். அவன் அதைச் சரி என்ற அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டான். இரண்டு சேவகர்கள் அவனைத் தோளில் அணைத்து ஓரமாகக் கூட்டிப் போனார்கள். அவனும் மறுக்காமல் போனான்.

முதல் குண்டு முன்னங்காலில் பட்டது. மாடு ஓடவில்லை. பிறந்ததிலிருந்து அதை ஒருத்தரும் ஓர் அடி அடித்ததில்லை. ஓட வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. மூன்று காலில் நின்றுகொண்டு மேடையைப் பார்த்தது. அடுத்தது வயிற்றில். அதற்கடுத்ததைத்தான் துரை ஒழுங்காகச் சுட்டார்.

பிறகு மாலை மரியாதை, சோடா, போட்டோ. செத்த மாட்டின் மேல் துரை ஒரு காலை வைத்தார். வலிக்கிற கால் என்பதால் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். ராவ் சாகிப் பேசினார். "மதுரைச் சமவெளியின் காட்டு மாடு இன்றோடு அடியோடு அற்றுப்போய்விட்டது என்பதை மிக்க துயரத்தோடு அறிவிக்கிறேன். இந்த இனத்தைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இப்போதுதான் முன்னெப்போதையும்விட அதிகமாகியிருக்கிறது. நாளை முதல் இதை யார் தொட்டாலும் சங்கம் வழக்குத் தொடரும்." அதைச் சொல்லும்போதே தலையை வெட்டுகிற ஆள் கத்தியைத் தீட்டத் தொடங்கிவிட்டான். கூட்டத்தில் நின்ற பீர் முகமதுவை ராவ் சாகிப் கைதட்டிக் கூப்பிட்டு, "தலை போக மிச்சம் இருக்கிறது, தோல் வேண்டுமானால் நீர் எடுத்துக்கொள்ளலாம்" என்றார். பீர் முகமது தரையில் காறித் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தார். நான் கரைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். இவர்களுடைய கூட்டத்தையெல்லாம் அச்சில் ஏற்றிக் கொடுத்தவன் நான். என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

தலையில்லாத உடம்பையாவது கொடுங்கள் என்று ஊர்க்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். கோடி வேட்டி போர்த்தி, மனிதனுக்குச் செய்கிற மாதிரியே எல்லாம் செய்து எடுத்துப்போனார்கள். ஊரே அதன் பின்னால் போயிற்று. சிவனாண்டி மட்டும் போகவில்லை. வீட்டை நோக்கி நடந்தான். பீர் முகமதுவும் நானும் கொஞ்சம் பின்னால் போனோம்.

வீட்டு வாசலில் அவன் பெண்டாட்டி ஒச்சாயி நின்றிருந்தாள். உள்ளே வீராயி தட்டில் சோறு வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். ஆறு வயசிருக்கும்.

"சொல்லிட்டியாமே" என்றாள் ஒச்சாயி.

அவன் தலையை ஆட்டினான்.

"சத்தமாவா சொன்ன?"

"கரையில நின்ன அம்புட்டுப் பேருக்கும் கேட்டுச்சு."

"அப்ப சாமிக்கும் கேட்டிருக்கும்" என்றாள்.

உள்ளே போய், சோற்றுக் கையோடு இருந்த பிள்ளையை இழுத்து மடியில் போட்டு, நெற்றியில் புறங்கையை வைத்து, சுடுகிறதா என்று பார்த்தாள்.